லினெட் பாஸ்கோவின் நம்பர் பிளேட்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு லினெட் பாஸ்கோவின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்தில் பத்தொன்பது பிள்ளைகள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் அவள் டிரெயில் பைக்கை முறுக்கிக்கொண்டு எங்களை முந்திப் போகும்போது நாங்களும் அதே முதுகைத்தான் பார்ப்போம். அந்த முதுகில் ஒரு பை தொங்கும். அந்தப் பைக்குள் அவள் வண்டியின் நம்பர் பிளேட் இருக்கும். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

சட்டப்படி பிளேட் பின் மட்கார்டில் தொங்க வேண்டும். நேராக, சேறில்லாமல், இருபது மீட்டர் தள்ளி நிற்பவன் படிக்கும்படி. வருடா வருடம் புதுசாக வரும் பதிவு லேபிளும் அதன் பக்கத்திலேயே, வெளியே தெரியும்படி ஒரு கூட்டில் இருக்க வேண்டும். சட்டம் எழுதிய புண்ணியவான் எங்கள் மலையில் ஒரு நாளும் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். பள்ளத்தில் விழுந்தால் பின்சக்கரம் மேலே ஏறி பிளேட்டைக் கடித்துத் துப்பிவிடும். அதில் தப்பினால் கிளை பிடுங்கிக்கொள்ளும். புதுப் பிளேட் வாங்க உறுதிமொழிப் பத்திரம், இரண்டு கையெழுத்து, மூன்று வாரக் காத்திருப்பு. அதனால் எங்கள் பைக் கிளப்பில் எல்லாரும் பிளேட்டைக் கழற்றி சாண்ட்விச்சோடு பையில் போட்டுக்கொள்வோம். லேபிளைச் சுருட்டி ஹேண்டில்பார் குழாய்க்குள் செருகிவிடுவோம். கூடவே இருந்தால் மாட்டியிருப்பதற்குச் சமம் என்று மனதார நம்பினோம். கேட்டால் எடுத்துக் காட்டப்போகிறோம், அவ்வளவுதானே! எங்கள் ஊரான பட்லர்ஸ் கிரீக்கில் முப்பது வருடமாக பைக் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். எனக்குச் சட்டம் தெரியும். தெரிந்தும் நானும் பையில்தான் வைத்தேன்.

லினெட்டை நாங்கள் லின் என்போம்; மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் ஐந்தாவது மகள். பத்தொன்பது வயதில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டாள். இருபத்தாறில் மரலாரி ஓட்டினாள். அப்போது இந்த மலையில் லாரி ஓட்டிய ஒரே பெண் அவள்தான். அதைச் சொல்லி யாராவது பாராட்டினால் எரிந்து விழுவாள். "லாரிக்குத் தெரியுமா நான் பொம்பளைன்னு?" என்பாள். கல்யாணம் செய்தாள், ஒரு மகளைப் பெற்றாள். புருஷன் வடக்கே சுரங்க வேலைக்குப் போகிறேன் என்று போனவன் அங்கேயே யாரோடோ தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் பேசிக் கேட்டிருக்கிறேன். "நல்ல டிரைவர்தான், திரும்பி வர்ற பாதை மட்டும் மறந்துட்டான்." முதல் பைக், தபால்காரர் ஓட்டித் தேய்த்துத் தள்ளிய பழைய வண்டி. அதை என் கடையில்தான் வாங்கினாள். அன்றிலிருந்து பழக்கம்.

பள்ளிப் பேருந்தில் பதினேழு வருடம். எந்தப் பண்ணை வாசலில் எந்தப் பிள்ளை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மறந்த பிள்ளைக்கென்றே தினமும் இரண்டு சாண்ட்விச் கூடுதலாகச் செய்து கொண்டுபோவாள். அந்தப் பேருந்துதான் அவளுக்குச் சோறு. அதைவிட, அந்தப் பேருந்துதான் அவளுக்கு வீடு. இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

இப்படிப்பட்டவளின் லைசென்ஸில் மூன்று வருடத்துக்குள் ஒன்பது அபராதப் புள்ளி விழுந்துவிட்டது, தடவைக்கு மூன்று. பன்னிரண்டு விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். ஒன்பதும் அந்தப் பாழாய்ப்போன பிளேட்டால் விழுந்தவை. முதல் தடவை பிளேட் பையில் இருந்தது. இரண்டாவது தடவை மாட்டியிருந்தாள், ஆனால் மட்கார்டுக்கு அடியில் மடக்கி மாட்டியிருந்தாள். மூன்றாவது தடவை ஒழுங்காகவே பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டியிருந்தாள். பட்டை அறுந்து பிளேட் ஆற்றோடு போய்விட்டது. மூன்று தடவையும் எழுதியவள் ஒரே ஆள், சார்ஜென்ட் நைரி டாசன். நைரியின் மகள் லின்னுடைய பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறாள். காலையில் லின் கையில் மகளை ஒப்படைப்பாள், ஞாயிற்றுக்கிழமை லின் கையில் அபராதச் சீட்டைக் கொடுப்பாள். இருவருக்கும் நடுவில் கோபம் கிடையாது. அவரவர் வேலை அது.

மூன்று தடவையும் லின் மறுப்புக் கடிதம் அனுப்பினாள். எங்கள் கிளப் செயலாளர் டகியிடம் அதற்கென்றே ஒரு கடிதம் தயாராக இருக்கும். 'பாதையில் கிளை இடித்து பிளேட் கழன்றுவிட்டது. பத்திரமாக எடுத்து வைத்தேன்.' தேதியை மாற்றி, பெயரை மாற்றி, கிளப்பே அதை அனுப்பியிருக்கிறது. இத்தனை கிளை இடித்திருந்தால் மலையில் ஒரு மரம் மிஞ்சியிருக்காது. மூன்றும் திரும்பி வந்தன.

பேருந்தின் முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று புள்ளி விழுந்தால் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கும், அந்த மூன்று மாதம் வழித்தடத்தைப் பெரிய ஊர் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுத்தால் அவர்கள் திருப்பித் தர மாட்டார்கள். பழைய புள்ளிகளில் மூன்று அக்டோபரில் காலாவதியாகும். அப்போது மே மாதம்.

"அஞ்சே மாசம், லின். வண்டிய ஷெட்ல போட்டுப் பூட்டிடு" என்றேன்.

"முடியாது."

"ஏன் முடியாது? செத்தா போயிடுவ?"

"க்ளைவ், திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் என் முதுகுக்குப் பின்னாடி பத்தொன்பது உசுரு. ஒருத்தன் தும்மினாலும் என் கண்ணு கண்ணாடிக்குப் போயிடும். ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் எனக்குப் பின்னாடி யாரும் இல்ல. அதையும் பிடுங்கிட்டா திங்கக்கிழமை நான் எப்படிய்யா ஸ்டியரிங்கப் பிடிப்பேன்?"

"சரி, அப்ப பிளேட்ட ஒழுங்கா மாட்டுவோம்" என்றேன்.

மூடிப்போன ஆலையின் கன்வேயர் பெல்ட் ரப்பர் ஒரு துண்டு என் கடையில் கிடந்தது. அதை ஒன்றரை அடிக்கு வெட்டி மட்கார்டில் போல்ட் அடித்தோம். கீழ்ப்பாதிக்கு அலுமினியத் தகட்டைப் பின்னால் கொடுத்து, அதன்மேல் பிளேட். வண்டி விழுந்தால் ரப்பர் மடங்கும், எழுந்தால் நிமிரும், பிளேட் உடையாது. லேபிள் கூட்டையும் அதே தகட்டின் இடது மூலையில் பதித்தோம். லின் பிளேட்டை போல்ட்டால் பிடிக்கலாம் என்றாள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "போல்ட் அதிர்ச்சியில கழண்டுடும். ரிவிட் ஆணி அடி, ஜென்மத்துக்கும் கழட்ட முடியாது" என்றேன். நான்கு மூலையிலும் ரிவிட் அடித்தோம். பிறகு வண்டியை முற்றத்தில் இருபது தடவை கீழே தள்ளிப் பார்த்தோம். இருபது தடவையும் பிளேட் ஆடிவிட்டு நேராக நின்றது. லின் சிறு பெண் மாதிரி கை தட்டினாள்.

அடுத்த ஞாயிறு கிளப்பே சிரித்தது. "லின், வண்டி பின்னாடி கதவு தொங்குது, சாத்திட்டு வா" என்றான் டகி. அவள் சட்டைப் பையிலிருந்து பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து, அவன் கண் முன்னாலேயே எழுத்து எழுத்தாகச் சேற்றைத் தேய்த்தாள். "உன் பல்லத் தேய்ச்சிட்டு வா, அப்புறம் பேசு" என்றாள். ஒவ்வொரு ஓடை தாண்டியதும் நிறுத்தித் தேய்ப்பாள். அவளோடு போனால் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு. மற்றவர்கள் பெரிய மேடு வழியாகப் போக, லின்னும் நானும் மட்டும் கருகல் பள்ளப் பாதையில் இறங்கினோம். இரண்டு கோடைக்கு முன் எரிந்த காடு அது. ஒரு வளைவில் என் முன்சக்கரம் ஈரக் கட்டையில் வழுக்கியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். எழுந்திருக்கப் பார்த்தேன். வலது கணுக்காலுக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. கெட்டியான பைக் பூட்ஸைப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். சோம்பேறித்தனமாகப் பண்ணைக்குப் போடும் மெல்லிய பூட்ஸோடு வந்திருந்தேன். முன்சக்கரமும் கோணிவிட்டது.

அந்தப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. லின் கீழே ஓடைத்துறை வரை போய்த்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஆனால் நான் விழுந்து கிடந்தது வளைவுக்குச் சரியாகக் கீழே. மேலிருந்து எவனாவது வேகமாக இறங்கினால் என் மேல்தான் ஏறுவான். என்னைப் பாதையிலிருந்து இழுத்துப் போட வேண்டும். காலைக் கட்டாமல் இழுத்தால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பேருந்துக்காக அவள் முதலுதவி படித்தவள்.

காலோடு சேர்த்துக் கட்ட ஒரு கட்டை தேடினாள். எரிந்த காட்டில் இருப்பது என்ன? கட்டிப்பிடிக்க முடியாத கருகிய மரங்கள், இல்லாவிட்டால் விரல் தடிமன் தளிர்கள். கரிக்குச்சி இரண்டைக் கொண்டுவந்து முட்டியில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் படக்கென்று ஒடிந்தன. அப்படியே நின்று தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"வேணாம்" என்றேன்.

"ரப்பர் குதிகாலுக்கு அடியில மடங்கும். தகடு காலோட நிக்கும். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"அடியேய், வேணாம்னா கேளு! கீழ ஓடைத்துறையில நைரி நின்னாலும் நிப்பா. பிளேட் இல்லாம போனா..."

"தெரியும்."

"பிளேட்ட மட்டுமாவது கழட்டி மாட்டிக்க."

"எப்படிக் கழட்ட? ஜென்மத்துக்கும் கழட்ட முடியாதுன்னு சொன்னது யாரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் என்று அவள் நினைத்திருப்பாள். "என் பிளேட் பையில இருக்கு. அத மாட்டிட்டுப் போ" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "இன்னும் பையிலயா வச்சிருக்க? எனக்கு ஊரெல்லாம் உபதேசம் பண்ணிட்டு? அடுத்தவன் நம்பர்ல ஓட்டினா புள்ளி இல்லடா, கோர்ட்டு." அதற்குள் மட்கார்டிலிருந்த இரண்டு போல்ட்டையும் கழற்றியிருந்தாள்.

தன் ஸ்கார்ஃபையும் என் பெல்ட்டையும் வைத்துக் கட்டினாள். கத்தினேன், அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்குளில் கை கொடுத்து இழுத்து ஓரத்தில் போட்டாள். என் வண்டியை வளைவுக்கு மேலே குறுக்கே சாய்த்து வைத்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள். எண்ணே இல்லாத வெறும் மட்கார்டு வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பிரஷ் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றிய பதினேழு வருட வேலை என் காலில் கட்டியிருந்தது.

கீழே நடந்ததை நைரி பிற்பாடு சொன்னாள். ஓடைத்துறையில் அதற்குள் பதினோரு பேர் மாட்டி நின்றிருந்தார்கள். எல்லார் பிளேட்டும் பையில். டகியும் அதில் ஒருவன். லின் சுற்றி ஓடவில்லை, மறையவில்லை. நேராக நைரி முன்னால் வந்து வண்டியை நிறுத்தினாள்.

"முதல்ல ஆம்புலன்ஸக் கூப்பிடு, நைரி. கருகல் பள்ளம், மூணாவது வளைவு. க்ளைவ் கால் ஒடிஞ்சு கிடக்கான். அப்புறம் நீ எழுத வேண்டியத எழுது."

நைரி கூப்பிட்டாள். பிறகு கேட்டாள். "லின், பிளேட் எங்க?"

"க்ளைவ் கால்ல கட்டியிருக்கேன்."

பதினோரு பேரும் கொல்லென்று சிரித்தார்களாம். டகி, "இத நான் கடிதத்துல சேர்க்காம போயிட்டேனே" என்றானாம். மேலே போனது ஆம்புலன்ஸ்காரர்கள். நைரி துறையை விட்டு நகர முடியாது. அன்றைக்கு யாரையும் எச்சரித்து விடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பதினோரு பேர் 'அவளுக்கு மட்டும் என்ன சலுகை' என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நைரி எழுதினாள். "நிமிர்ந்து பாக்காமயே எழுதினேன், க்ளைவ். நாளைக்குக் காலையில இவங்க பஸ்லதான் என் பொண்ணு ஏறணும்" என்று என்னிடம் சொன்னாள். "மறுப்புக் கடிதம் எழுதுங்க லின், பதில் வர்ற வரைக்கும் புள்ளி ஏறாது" என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் என் காலிலிருந்து அந்தத் தகட்டையும் ரப்பரையும் வெட்டி எடுத்தவர்கள், இரத்தமும் சேறுமாக இருந்ததை மற்ற குப்பையோடு போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து நான் கேட்டபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் குறிப்பில் 'தற்காலிகக் கட்டு' என்று ஒரே வரி. ஆக, பிளேட்டும் இல்லை, என்னைத் தவிர சாட்சியும் இல்லை.

லின் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். கடிதம் எழுதினாயா என்று கேட்டேன்.

"என்னத்த எழுத? மூணு தடவை பொய்யா, அரைப் பொய்யா எழுதியாச்சு. ஆத்துல போனது ஒண்ணுதான் நிஜம், அதையும் டகி கடிதத்துலதான் அனுப்பினேன். இப்ப நிஜத்த எழுதினா அதுதான் எல்லாத்துலயும் பெரிய பொய் மாதிரி இருக்கு. நானே நம்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. உரித்த மூன்று ஆரஞ்சும் தட்டில் அப்படியே கிடந்தன.

மறுநாள் டாக்டர் என் எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இளவயதுப் பெண், வேடிக்கையாகப் பேசுவார். "கட்டப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்திருக்காங்க. இது என்ன, கால்ல ஹார்டுவேர் கடையா வச்சிருந்தீங்க?"

வாங்கிப் பார்த்தேன். என் எலும்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. அதன்மேல் வட்ட வட்டமாக நான்கு ரிவிட். மூலையில் லேபிள் கூட்டின் இரண்டு திருகு. நடுவே புகை மாதிரி மங்கலாக, பிளேட்டில் புடைத்திருந்த எழுத்துகள். கண்ணை இடுக்கினால் ஐந்தையும் படிக்கலாம். "இந்தப் படம் எனக்கு வேணும்" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிட்டார்.

இந்தத் தடவை டகியின் கடிதம் இல்லை. லின் தன் கையால் எழுதினாள். 'முன்பு நான் அனுப்பிய மூன்று கடிதங்களில் இரண்டு பொய், ஒன்று அரைப் பொய். முதல் முறை பிளேட் பையில்தான் இருந்தது, இரண்டாம் முறை மட்கார்டுக்கு அடியில் மடக்கியிருந்தேன். இந்த முறை பிளேட்டையும் லேபிளையும் சட்டப்படி மாட்டியிருந்தேன். நண்பரின் கால் ஒடிந்ததால் கழற்றி அவர் காலில் கட்டினேன். படம் இணைத்துள்ளேன்.' பொய்யை எதற்கு ஒப்புக்கொள்கிறாய், அதைவைத்தே மாட்டிவிடுவார்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அது இல்லாம இத நம்ப மாட்டாங்க" என்றாள்.

ஐந்து வாரம். காலை ஓட்டம், மாலை ஓட்டம், இரண்டு கூடுதல் சாண்ட்விச். ஞாயிற்றுக்கிழமையில் பைக்கைத் தொடவில்லை, பிளேட் இல்லையே. நான் கட்டுப்போட்ட காலோடு கடையில் முக்காலியில் உட்கார்ந்து டகியை ஏவிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு லின் கடைக்குள் வந்தாள். கையில் அபராத அலுவலகத்திலிருந்து வந்த பெரிய பழுப்பு உறை, பிரிக்கவில்லை. உறையைக் கவுன்டரில் வைத்தாள். பக்கத்தில் பேருந்துச் சாவியையும் வைத்தாள்.

"நீ படி. லைசென்ஸ் போயிருந்தா, இப்பவே முதலாளிக்குப் போன் போட்டு வேற டிரைவர வரச் சொல்லணும். லைசென்ஸ் இல்லாம ஒரு வாசல்கூட ஓட்ட மாட்டேன். பிளேட் இல்லாம ஓட்டினதே போதும்."

கை கழுவாமலே பிரித்தேன். கிரீஸ் விரல் தாளெல்லாம் பட்டது. முதல் பத்தி முழுக்கச் சட்டப் பிரிவு, எனக்கு எழுத்தே ஓடவில்லை. இரண்டாம் பத்தியில் இருந்தது. 'அபராதமும் புள்ளிகளும் ரத்து செய்யப்படுகின்றன. எச்சரிக்கை மட்டும் பதிவு செய்யப்படுகிறது.' சத்தமாக இரண்டு தடவை படித்தேன்.

லின் உறைக்குள் கையை விட்டு, அவர்கள் திருப்பி அனுப்பியிருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கடிதத்தோடு சேர்த்து அனுப்பியது நான்.

"நேராத்தான் கட்டியிருக்கேன்" என்றாள். "இருபது மீட்டர் தள்ளி நின்னு படிக்கலாம்."

"உன் நம்பர், நீயே வச்சுக்க."

"உன் எலும்பு, நீயே வச்சுக்க." படத்தை என் மடியில் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணாகப் போகுது, பிள்ளைங்க நிப்பாங்க." சாவியை எடுத்தாள். கதவருகே போனவள் திரும்பினாள். "உன் பிளேட் எங்க இருக்கு?"

நான் மூலையில் கிடந்த பையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நேராக வந்து பையைத் திறந்து, பழைய சாண்ட்விச் தாளுக்கு அடியிலிருந்து என் பிளேட்டை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டாள்.

"ரிவிட் அடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனாள்.